மஜ்ஜையா, நொதியா, மரபணுவா? கோஷே நோயை எதை நம்பி உறுதி செய்வது

வயிறு முன்னால் தள்ளியிருக்கும், கை கால் மெலிந்திருக்கும், பிளேட்லெட் குறைந்திருக்கும், மண்ணீரல் தொப்புள் வரை இறங்கியிருக்கும். இப்படி ஒரு குழந்தை வந்தால் மலேரியா, தலசீமியா, ரத்தப் புற்றுநோய் என்றுதான் முதலில் தேடுவார்கள். அதில் தப்பில்லை, அவைதான் அதிகம். அதெல்லாம் இல்லை என்றான பிறகுதான் 'கோஷே' என்ற பெயரே எட்டிப்பார்க்கும். குளுக்கோசெரிப்ரோசிடேஸ் என்ற நொதி போதாமல் ஒருவகைக் கொழுப்பு மண்ணீரலிலும் கல்லீரலிலும் எலும்பிலும் தேங்கும் பரம்பரை நோய் இது.

புற்றுநோய்ச் சந்தேகத்தில் எடுத்த மஜ்ஜையில்தான் பலருக்கும் முதல் துப்பு கிடைக்கிறது. நுண்ணோக்கியில் கசங்கிய டிஷ்யூ பேப்பர் மாதிரி செல்கள் தெரியும். ஆனால் தலசீமியாவிலும், நாள்பட்ட மைலாய்டு புற்றுநோயிலும் ஏறக்குறைய இதே உருவத்தில் செல்கள் வரும். கோஷேவுக்காக மட்டும் குழந்தையின் எலும்பில் ஊசி போட வேண்டியதே இல்லை.

என் ஓட்டு நொதிப் பரிசோதனைக்குத்தான். அதிலும் இரண்டு வகை. வடிதாள் அட்டையில் சொட்டு ரத்தத்தை உலர்த்தி அனுப்புவது சுலபம், தபாலில்கூடப் போகும். ஈரம் காயாமல் பிளாஸ்டிக் கவரில் போட்டாலோ, சித்திரை வெயிலில் கூரியர் வண்டியில் கிடந்தாலோ நொதி செத்துவிடும். அதனால் அட்டை சல்லடைதான், தீர்ப்பு இல்லை. குழாயில் எடுத்த ரத்தத்தின் வெள்ளணுக்களில் நொதியை அளப்பதுதான் உறுதியான வழி. அதுவும் சீக்கிரம் லேபுக்குப் போய்ச் சேர வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரத்தம் எடுத்து அனுப்பாதீர்கள்.

ரிப்போர்ட் வந்ததும் ஒன்றைப் பாருங்கள்: அதே சாம்பிளில் வேறொரு நொதியையும் அளந்திருக்கிறார்களா? அது சரியாக இருந்து இது மட்டும் அடிமட்டத்தில் இருந்தால் நம்பலாம். இரண்டுமே குறைவு என்றால் கெட்டது சாம்பிளாக இருக்கலாம், மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், கணக்கு மாறும்.

அப்புறம் மரபணு. இந்த நொதியைச் செய்யச் சொல்லும் ஜிபிஏ1 மரபணுவுக்குப் பக்கத்திலேயே அதன் அச்சு அசலான, வேலை செய்யாத போலி ஒன்று உட்கார்ந்திருக்கிறது. இந்தியக் குழந்தைகளிடம் அதிகம் காணும் எல்444பி என்ற மாற்றம் அந்தப் போலியில் இயல்பாகவே உண்டு. இரண்டையும் பிரித்துப் படிக்கத் தெரியாத லேப் கோட்டைவிடும். 'பொருள் தெளிவில்லாத மாற்றம்' என்று வரும் ரிப்போர்ட்டும் தனியாக எதையும் முடிவு செய்யாது, நொதி அளவோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

ஆனால் நொதிப் பரிசோதனையால் முடியாத இரண்டு வேலைகளை மரபணுப் பரிசோதனை செய்யும். எல்444பி மரபணுவின் இரு பிரதியிலும் (அப்பா வழி, அம்மா வழி) இருந்தால் மூளையும் நரம்பும் பாதிக்கப்படும் வாய்ப்பு அதிகம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஏற்றும் நொதி மருந்து மூளைக்குள் போகாது என்பதால் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது முக்கியம். இன்னொன்று, அடுத்த கர்ப்பம். பெற்றோரின் மாற்றங்கள் கையில் இருந்தால் மூன்றாம் மாதத்திலேயே நஞ்சுக்கொடித் திசுவில் சோதித்துவிடலாம். அதனால் நொதி முடிவு வந்த கையோடு அப்பா, அம்மா ரத்தத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடுவது நல்லது.