ஏக்கருக்கா, குடும்பத்துக்கா? உழவர் உதவித்தொகைக்கு எங்கே வரம்பு போடுவது

2018 மே மாதம் தெலங்கானாவில் அப்போதைய முதல்வர் சந்திரசேகர் ராவ் தொடங்கிய உழவர் உதவித்தொகைத் திட்டமான ரைது பந்துவுக்கு நில உச்சவரம்பே இருக்கவில்லை. ஏக்கருக்குப் போகத்துக்கு 4,000 ரூபாய். அடுத்த ஆண்டு 5,000. இரண்டு போகத்துக்கும் சேர்த்தால் 2 ஏக்கர்காரருக்கு 20,000, 30 ஏக்கர்காரருக்கு 3 லட்சம். விதையும் உரமும் ஏக்கர் கணக்கில்தானே செலவாகிறது என்பார்கள். நியாயம்தான். ஆனால் ஹைதராபாத்தில் இருந்துகொண்டு நிலத்தைக் குத்தகைக்கு விட்டவர் கணக்கில் பணம் ஏறியது. அந்த நிலத்துக்கு உரம் வாங்கியவருக்குப் பைசா வரவில்லை. பட்டா பாஸ்புக்கில் யார் பெயரோ அவர்தான் விவசாயி!

அடுத்து வந்த ரேவந்த் ரெட்டி அரசு 2025 ஜனவரியில் இதை ரைது பரோசா என்று மாற்றியது. ஆண்டுக்கு ஏக்கருக்கு 12,000. மனைக்கட்டு, குவாரி, பாறை நிலம் எல்லாம் நீக்கம். நல்லது. ஏக்கர் வரம்பு மட்டும் அப்போதும் வரவில்லை.

மத்திய அரசின் பி.எம். கிசான் வேறு வழி: குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000, மூன்று தவணை, அவ்வளவுதான். 2019 பிப்ரவரியில் 2 ஹெக்டேர் வரை உள்ளவர்களுக்கு மட்டும் என்று தொடங்கி, மே 31 அன்று அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். தொகை எல்லோருக்கும் ஒன்றே என்பதால் பெரிய பண்ணைக்குத் தனி லாபம் இல்லை. வருமான வரி கட்டுபவர், தொழில் செய்யும் டாக்டர், வக்கீல் ஆகியோருக்கு இடமில்லை. இதில் எனக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு. 2019 பிப்ரவரி 1 அன்று நிலம் யார் பெயரில் இருந்ததோ அதுதான் கணக்கு. வாரிசாக வந்தாலொழிய, பிறகு நடந்த பெயர் மாற்றம் ஐந்தாண்டுக்குச் செல்லாது என்று அப்போது விதித்தார்கள். வரம்பு வருகிறது என்றதும் மகன், மருமகள் பெயருக்கு நிலத்தைத் துண்டு போடும் பழைய வேலை இங்கே பலிக்காது. ஏக்கர் வரம்பு கேட்பவர்கள் இந்த விதியையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

ஆனால் குத்தகைதாரர் இதிலும் வெளியேதான். அவரைச் சேர்த்துப் பார்த்தது ஆந்திரா. 2019-ல் ஜெகன் அரசு கொண்டுவந்த திட்டத்தில் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட, சிறுபான்மைக் குத்தகைதாரர்களுக்கும் ஆண்டுக்கு 13,500 கிடைத்தது.

என் ஓட்டு ஏக்கர் கணக்குக்கு, 10 ஏக்கர் உச்சவரம்போடு. அதனால் மிச்சமாகும் பணம் மலைபோல் இருக்காது. தெலங்கானா பட்டாதாரர்களில் பெரும்பாலோர் 5 ஏக்கருக்கு உட்பட்டவர்கள். மிச்சமாவது குத்தகைதாரருக்குப் போகட்டும். அதற்கு, நிலத்தில் பயிர் செய்பவர் இவர்தான் என்று காட்டும் ஆந்திராவின் சாகுபடி உரிமை அட்டை மாதிரி ஏதாவது வேண்டும். 11 மாதத்துக்குச் செல்லும் அட்டை அது; வாங்க நிலக்காரர் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் நிலமே கைவிட்டுப் போய்விடுமோ என்று பயந்து நழுவுகிறவர்கள் ஏராளம். சீர்திருத்தம் முட்டி நிற்பது அந்தக் கையெழுத்தில்.