சைலன்சருக்குள் எந்தப் பஞ்சு? கிளாஸ் வுல், ரோவிங், பசால்ட், ஸ்டீல் நார்: ஓர் ஒப்பீடு

வண்டி ஆறியிருக்கும்போது சைலன்சர் கேனை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். உள்ளே பஞ்சு நிறைந்திருந்தால் தலையணையைத் தட்டியதுபோல மந்தமாகக் கேட்கும். பஞ்சு போய்விட்டிருந்தால் காலி எண்ணெய் டின் மாதிரி ‘டங்’ என்னும். என் கேடிஎம் 390 ட்யூக் பைக்கில் மாட்டியிருந்த ஸ்லிப்-ஆன் கேன் (கம்பெனி சைலன்சருக்குப் பதிலாகக் குழாய் முனையில் செருகி மாட்டுவது) 14,000 கிலோமீட்டர் வாக்கில் அப்படித்தான் டங் என்றது. அதற்குச் சில வாரம் முன்பிருந்தே சத்தத்தில் காதைக் குத்துகிற ஒரு கூர்மை வந்திருந்தது. கேனின் ஒரு பக்கம் பழுப்பேறியும் இருந்தது. பஞ்சு இல்லாத இடத்தில் சூடு நேராக வெளித் தகட்டைத் தாக்கினால் இப்படித்தான் நிறம் மாறும்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். ஸ்ப்ளெண்டர், பல்சர் போன்ற வண்டிகளில் கம்பெனியிலிருந்தே வரும் சைலன்சருக்கு இந்த வேலை பொருந்தாது. அதற்குள் தடுப்புத் தகடுகளும் அறைகளும்தான் சத்தத்தை அடக்குகின்றன, வெளியே வெல்டிங் போட்டு மூடியிருக்கும். ரிவெட் அல்லது போல்ட் போட்ட, கழற்றக்கூடிய கேன் வைத்திருப்பவர்களுக்குத்தான் இந்த அலசல்.

கேனைத் திறந்து புதுப் பஞ்சு அடைப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் வீட்டு வாசலிலேயே முடிகிற வேலை. எந்தப் பஞ்சு என்பதில்தான் ஆளுக்கொரு யோசனை. பாக்கெட்டின் மேல் எத்தனை டிகிரி தாங்கும் என்று பெரிதாக அச்சடித்திருப்பார்கள், நாமும் அதைப் பார்த்துத்தான் வாங்குகிறோம். பார்க்க வேண்டியது நாரின் நீளத்தை என்பது என் தீர்மானமான கருத்து.

ஏன் என்று சொல்கிறேன். எஞ்சினிலிருந்து வரும் வாயு கேனின் நடுவில் இருக்கும் ஓட்டைக் குழாய் வழியாக நேராக வெளியேறிவிடுகிறது. சத்த அலை மட்டும் அந்த ஓட்டைகள் வழியாகப் பஞ்சுக்குள் நுழைந்து, நார்களுக்கு நடுவே இருக்கும் காற்றை முன்னும் பின்னும் ஆட்டுகிறது. அந்த உரசலில் சத்தம் சூடாக மாறி அடங்குகிறது. ஆனால் எஞ்சின் வாயுவை வெளித்தள்ளும் ஒவ்வொரு துடிப்பின்போதும் ஓட்டைகளுக்குள் அழுத்தம் ஏறி இறங்குகிறது. 6,000 ஆர்பிஎம்மில் ஓடும் ஒற்றை சிலிண்டர் நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் இது நிமிடத்துக்கு 3,000 தடவை. குட்டை நார் ஒவ்வொன்றாக உருவப்பட்டு வெளியே போய்விடும். மீட்டர் கணக்கில் நீளமுள்ள நார் தனக்குத்தானே சிக்கிக்கொண்டு நிற்கும். பெரும்பாலான கேன்கள் பஞ்சு உருகியதால் காலியாவதில்லை, இப்படி ஊதப்பட்டுத்தான் காலியாகின்றன.

இனி ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். ஏசி டக்ட்டிலும் தகரக் கூரைக்கு அடியிலும் விரிக்கிற மஞ்சள் கிளாஸ் வுல்தான் எல்லாவற்றிலும் மலிவு, எங்கும் கிடைக்கும். முதல் தடவை நான் வேலையைக் கொடுத்த பட்டறையில் இதைத்தான் அடைத்துக் கொடுத்தார்கள். ஒரு வாரம் சத்தம் அருமையாக அடங்கியிருந்தது. அப்புறம் பின் சீட்டில் உட்கார்ந்தவருக்குக் கணுக்காலில் அரிப்பு, டெயில் லைட் கண்ணாடியில் மினுமினுப்பான தூசி. 1,200 கிலோமீட்டரில் கேன் பாதி காலி. அந்த மஞ்சள் நிறம் நார்களை ஒட்டவைக்கும் பிசினின் நிறம். சைலன்சர் சூட்டில் அது சீக்கிரமே கருகிவிடுகிறது. பிசின் போனதும் மிஞ்சுவது சில சென்டிமீட்டர் நீளமுள்ள உதிரி நார், அது தங்காது. கையில் காசு குறைவு என்றாலும் இதை அடைக்காதீர்கள். இரண்டாவது தடவை திறக்கிற உழைப்பையும் சேர்த்துப் பார்த்தால் இதுதான் விலை கூடியது.

கடற்கரை ஊர்களில் ஃபைபர் படகு கட்டும் இடங்களில் இரண்டு பொருள் கிடைக்கும். ஒன்று, வெட்டிய கண்ணாடி நாரைப் பாய்போல ஒட்டிய மேட். இதுவும் பிசினால் நிற்கிற குட்டை நார்தான், மேலே சொன்ன அதே குறை. இன்னொன்று, பெரிய நூல்கண்டாகச் சுற்றி வருகிற ரோவிங். என் ஓட்டு இதற்குத்தான். ஈ-கிளாஸ் என்கிற அதே கண்ணாடி, ஆனால் முடிவே இல்லாத நீள நார். கார் சைலன்சர்களிலும் இந்த வகை நீள நாரைத்தான் காற்றழுத்தத்தால் உப்பவைத்துச் செலுத்துகிறார்கள். கண்டிலிருந்து வரும்போது ரோவிங் தட்டையாக, ரிப்பன் மாதிரி இருக்கும். அப்படியே சுற்றினால் கெட்டியான கயிறாகிவிடும், நார்களுக்கு நடுவே காற்று இருக்காது, சத்தமும் அடங்காது. ஒரு முழ நீளத்துக்கு இழுத்து, அகலப் பல் சீப்பால் வாரி, பாட்டியின் நரைத்த கூந்தல் அவிழ்ந்ததுபோல் பொங்க வைக்க வேண்டும். பஞ்சர் கடை கம்ப்ரசரின் காற்றைக் காட்டினால் இன்னும் சுலபம். பொறுமை வேண்டும், எனக்கு ஒன்றரை மணி நேரம் பிடித்தது. அந்த நேரம் இல்லாதவர்கள் சைலன்சருக்கென்றே விற்கும் நீள நார் விரிப்பை வாங்கிச் சுற்றிக்கொள்ளலாம். விலை அதிகம், வேலை பத்து நிமிடம்.

பசால்ட் நார் எரிமலைப் பாறையை உருக்கி இழுத்தது. தக்காணப் பீடபூமியின் கரும்பாறையும் இந்த இனம்தான். தவிட்டு நிறத்தில் பளபளக்கும். கண்ணாடி நாரைவிட 100, 150 டிகிரி கூடுதலாகத் தாங்கும். எஞ்சினுக்கு மிக அருகில் கேன் இருக்கும் வண்டிக்கு, அல்லது ரேஸ் ஓட்டுபவர்களுக்கு அந்தக் கூடுதல் பயன்படும். பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் கேன் தொங்கும் ரோடு வண்டியில், அங்கே வந்து சேர்வதற்குள் வாயு கணிசமாக ஆறிவிடுகிறது. அதற்கு இந்த விலை கொடுக்கத் தேவையில்லை.

செராமிக் விரிப்பு வேண்டாம். ஃபவுண்டரி உலைகளுக்கு வருகிற வெள்ளைப் பொருள், 1,260 டிகிரி என்று எழுதியிருக்கும். டிகிரியைப் பார்த்து ஏமாறுவதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. அசையாத உலைச் சுவருக்கு அது சரி, அதிர்கிற கேனுக்குள் பொடிப்பொடியாகிப் பறந்துவிடும். அந்தப் பொடியையும் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது: உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை கிளாஸ் வுல்லைச் சந்தேகப் பட்டியலிலிருந்து இறக்கியபோதும் இந்த நாரை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற 2பி பிரிவிலேயே வைத்திருக்கிறது. ஆஸ்பெஸ்டாஸ் கயிறு இன்னும் மோசம். யார் சும்மா கொடுத்தாலும் தொடாதீர்கள்.

ஸ்டீல் நார் தனியாக நின்றால் சத்தத்தை அவ்வளவாக உறிஞ்சாது. ஆனால் ஓட்டைக் குழாய்க்கு மேல் முதல் சுற்றாக மெல்லியதாகச் சுற்றினால், துடிப்பின் நேரடி அடியை அது வாங்கிக்கொண்டு வெளியே இருக்கும் கண்ணாடி நாரைக் காப்பாற்றும். துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும். மரத்தைப் பாலிஷ் செய்யும் மெல்லிய இரும்பு நார் சூட்டில் துருவாகி உதிர்ந்துவிடும். பாத்திரம் தேய்க்கும் நாரில் நல்லதும் உண்டு, வெறும் முலாம் பூசியதும் உண்டு. ஒரு இரவு உப்புத் தண்ணீரில் போட்டு வையுங்கள், காலையில் சிவந்திருந்தால் வேண்டாம்.

எவ்வளவு அடைப்பது? இதில்தான் பலர் தவறுகிறார்கள். கெட்டியாக அடைத்தால் இன்னும் அமைதியாகும் என்பது தப்புக் கணக்கு. பஞ்சு அடைக்கும் இடத்தில் லிட்டருக்கு 100 முதல் 150 கிராம் சரியான அளவு. 10 சென்டிமீட்டர் உள்விட்டமும் 30 சென்டிமீட்டர் நீளமும் உள்ள கேனுக்குள் 5 சென்டிமீட்டர் குழாய் ஓடினால், பஞ்சுக்கான இடம் சுமார் 1.77 லிட்டர். சமையலறைத் தராசில் 180 முதல் 265 கிராமுக்குள் நிறுத்து எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும்: எந்தப் பஞ்சானாலும் கூர்மையான சத்தத்தைத்தான் நன்றாக உறிஞ்சும். அடிவயிற்றில் இடிக்கிற கனத்த ‘டப் டப்’ பெரிதாகக் குறையாது.

திறப்பது பற்றிச் சுருக்கமாக. பழைய ரிவெட்டின் தலையை மட்டும் டிரில்லால் எடுத்து, மிச்சத்தை ஆணியால் உள்ளே தட்டிவிடுங்கள். உள்ளே விழுந்த துண்டுகளைப் பொறுக்க மறக்க வேண்டாம். மூடும்போது அலுமினிய ரிவெட்டைவிட ஸ்டெயின்லெஸ் ரிவெட் நம்பகமானது, ஆனால் கை ரிவெட் கன்னை அழுத்த நல்ல பலம் வேண்டும். பழைய பஞ்சை எடுக்கும் முன் தண்ணீர் தெளித்து நனைத்துவிடுங்கள். என்-95 மாஸ்க், கையுறை, முழுக்கைச் சட்டை கட்டாயம். அந்தச் சட்டையைக் குழந்தைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.

சட்டமும் இருக்கிறது. 175 சிசிக்கு மேற்பட்ட இருசக்கர வண்டிக்குத் தயாரிப்பு நிலையில் ஒலி வரம்பு 80 டெசிபல். மீறி ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2)இன் கீழ் 10,000 ரூபாய் வரை அபராதம் வரலாம். அதைவிடப் பெரிய காரணம், தெருவில் தூங்கும் கைக்குழந்தைகளும் நோயாளிகளும். காலியான கேனோடு ஒரு வாரம்கூட ஓட்டாதீர்கள்.

நான் கடைசியாகச் செய்தது: உள்ளே ஒரு சுற்று ஸ்டீல் நார், அதன் மேல் 220 கிராம் ரோவிங், உறைக்குள் வழுக்கிப் போவதற்காக மேலே பேப்பர் டேப். முதல் பத்து நிமிடம் டேப் கருகிய புகை வந்தது, பிறகு நின்றுவிட்டது. 9,000 கிலோமீட்டர் கழித்துப் போன மாதம் எண்ட் கேப்பை, அதாவது கேனின் முனை மூடியைத் திறந்து பார்த்தேன். குழாயை ஒட்டிய எஃகு நார் நீலம் பாய்ந்திருந்தது. அதற்கு மேல் கண்ணாடி நார் ஒரு விரல் கனத்துக்குக் கறுத்திருந்தது, மீதி வெள்ளையாகவே இருந்தது. தராசில் 207 கிராம். அப்படியே திரும்ப மூடிவிட்டேன்.