சர்வர், விஎம் பெயரிடும் முறை: பல ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

எங்கள் குழுவில் எல்லா சர்வர்களுக்கும் விஎம்களுக்கும் (நிஜ மெஷினுக்குள் மென்பொருளாக ஓடும் மெய்நிகர் மெஷின்கள்) ஒரே பெயர் அமைப்புதான். தளம், சூழல் (சோதனைக்கா, நிஜப் பயன்பாட்டுக்கா என்பது), பணி, எண் என்ற வரிசை. டிசி1-பி-டிபி-003 (dc1-p-db-003) என்றால் முதல் டேட்டா சென்டர், ப்ரொடக்‌ஷன் (நிஜப் பயன்பாடு), டேட்டாபேஸ், மூன்றாவது மெஷின். ஆங்கில எழுத்தில் ஹைஃபன்களையும் சேர்த்து 12 எழுத்துகள் வரும். விண்டோஸ் உள் நெட்வொர்க்கில் பயன்படுத்தும் நெட்பயாஸ் பெயர் 15 எழுத்தைத் தாண்டக்கூடாது என்பதால்தான் இவ்வளவு சிக்கனம். டிஎன்எஸ் (பெயரை ஐபி முகவரியாக மாற்றும் அமைப்பு) 63 வரை விடும், ஆனால் இரண்டு உலகத்திலும் ஒரே பெயர் செல்லுபடியாக வேண்டுமே. அண்டர்ஸ்கோரைத் தொடுவதே இல்லை. ஹோஸ்ட்நேமில் (மெஷினின் பெயரில்) எழுத்து, எண், ஹைஃபன் மட்டும்தான் முறையானவை.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது சூழலைக் குறிக்கும் அந்த ஒற்றை எழுத்து. டெர்மினலின் ப்ராம்ப்ட் (கட்டளை தட்டும் வரியின் தொடக்கம்) ஹோஸ்ட்நேமைப் படித்து, ப்ரொடக்‌ஷன் என்றால் தானாகச் சிவப்பாக மாறும். நடு இரவில் அலர்ட் வந்து அரைத் தூக்கத்தில் உள்ளே நுழைபவருக்கு அந்தச் சிவப்பு பெரிய பாதுகாப்பு.

பெயரில் எதை வைக்கவில்லை என்பதும் அதே அளவு முக்கியம். மெஷின் உயிரோடு இருக்கும்போதே மாறக்கூடிய எதையும் நாங்கள் பெயரில் சேர்ப்பதில்லை. ஓஎஸ் பதிப்பு அப்கிரேடில் மாறிவிடும். விஎம் ஓடும் ஹோஸ்ட் (நிஜ மெஷின்), லைவ் மைக்ரேஷனில், அதாவது விஎம்மை நிறுத்தாமலே இடம் மாற்றும்போது, நிமிடத்தில் மாறும். குழுவின் பெயரும் ப்ராஜெக்ட் பெயரும் நிர்வாகம் நினைத்தால் மாறும். இவை எல்லாம் டேக்கில் (மெஷினோடு இணைக்கும் குறிப்புச் சீட்டில்) போகும். டேக்கைத் திருத்த ஒரு நொடி போதும். ஹோஸ்ட்நேமை மாற்றினால் சான்றிதழ், பேக்கப் வேலை, கண்காணிப்பு வரலாறு, ஃபயர்வால் குறிப்பு என்று எல்லாவற்றையும் தேடிப்பிடிக்க வேண்டும். அதனால் பணி மாறினால் பெயரை மாற்றுவதில்லை, புது விஎம் எழுப்புகிறோம்.

1990-இல் டான் லிப்ஸ் எழுதிய ஆர்எஃப்சி 1178 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம், நிறங்கள் மாதிரி ஒரு கருப்பொருளிலிருந்து பெயர் எடுக்கலாம் என்கிறது. விரல்விட்டு எண்ணக்கூடிய மெஷின்கள் இருந்தால் அருமையான யோசனை, நினைவில் நன்றாக நிற்கும். நூற்றுக்கணக்கில் போனால் தாங்காது. ஆனால் ப்ராஜெக்ட் பெயரை மெஷினுக்கு வைக்காதே என்று அதிலேயே இருக்கும் அறிவுரை இன்றைக்கும் அப்படியே பொருந்துகிறது.

அப்புறம் சிநேம், அதாவது ஒரு பெயரை இன்னொரு பெயருக்குத் திருப்பும் டிஎன்எஸ் ரெக்கார்டு. அப்ளிகேஷன்கள் எதுவும் மெஷின் பெயரை நேரடியாக அழைப்பதில்லை. சேவையின் பெயரில் ஒரு சிநேம் இருக்கும், அது இப்போதைய மெஷினைக் காட்டும். டேட்டாபேஸை 003-லிருந்து 004-க்கு மாற்றும்போது டிடிஎல்லை (பழைய விடையை மற்ற மெஷின்கள் நினைவில் வைத்திருக்கும் நேரத்தை) முன்கூட்டியே குறைத்துவிட்டு, ஒரு ரெக்கார்டைத் திருத்தினால் போதும். இரண்டு இடத்தில் கவனம் தேவை: டிஎல்எஸ் (இணைப்பை மறையாக்கும்) சான்றிதழில் அந்த மாற்றுப் பெயரும் இருக்க வேண்டும், கெர்பரோஸ் (லாகினைச் சரிபார்க்கும் முறை) உள்ள இடத்தில் அதற்கான எஸ்பிஎன்னையும் (அதில் சேவையை அடையாளம் காட்டும் பெயர்) பதிவு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் பெயர் சரியாகவே ரிசால்வ் ஆகும், லாகின் மட்டும் நடக்காது. காரணம் தேடி அரை நாள் போய்விடும்.

எண்ணில் முன்பூஜ்யம் கட்டாயம். அது இல்லாவிட்டால் பட்டியலில் 10, 2-க்கு முன்னால் வந்து நிற்கும். ஓய்வுபெற்ற மெஷினின் எண்ணைத் திரும்பக் கொடுப்பதே இல்லை. கொடுத்தால், தொலைவிலிருந்து லாகின் செய்யும் எஸ்எஸ்ஹெச், மெஷினின் கீ மாறிவிட்டது என்று எச்சரிக்கும், பழைய பேக்கப்பும் புது மெஷினும் ஒரே பெயரில் குழம்பும்.

குறை ஒன்று உண்டு. போனில் சொல்லும்போது டெவலப்மென்டின் டியும் (D) டெஸ்டின் டியும் (T) ஒன்றாகவே கேட்கும். டெஸ்ட்டை க்யூ (Q) என்று மாற்றிய பிறகு அந்தத் தொல்லை தீர்ந்தது. ஆட்டோ ஸ்கேலிங்கில் (சுமைக்கேற்பத் தானாக) வந்து போகும் மெஷின்களுக்கு இந்த முறை எதுவும் வேண்டாம். கிளவுட் தரும் பெயரே போதும், டேக் மட்டும் கச்சிதமாக இருக்கட்டும். மற்றவற்றுக்கு மெஷின்களைக் கோடு மூலம் உருவாக்கும் டெர்ராஃபார்மிலேயே ஒரு ரெஜெக்ஸ் (எழுத்து வடிவம் பொருந்துகிறதா என்று பார்க்கும்) சோதனை போட்டிருக்கிறோம். அமைப்புக்குப் பொருந்தாத பெயரை அது ப்ளான் கட்டத்திலேயே, அதாவது எதையும் உருவாக்கும் முன்பே, நிராகரித்துவிடும்.