க்ளியோபிளாஸ்டோமா மருந்தை எதில் சோதிப்பது? யூ87, ஜிஎல்261, ஆர்கனாய்ட்

க்ளியோபிளாஸ்டோமா என்ற கொடிய மூளைப் புற்றுநோயில், கதிர்வீச்சோடு டெமோசோலமைட் என்ற புற்றுநோய் மருந்தைச் சேர்த்ததால் நோயாளிகளின் இடைநிலை ஆயுள் 12.1 மாதத்திலிருந்து 14.6 ஆனது. அது 2005இல். அதன் பிறகு ஆய்வகத்தில் ஜெயித்த எத்தனையோ மருந்துகள் மனிதரிடம் தோற்றுவிட்டன. சோதித்த மாதிரிகளுக்கு அதில் பெரும் பங்கு உண்டு.

மனிதக் கட்டியிலிருந்து எடுத்து ஆய்வகத்தில் வளர்க்கும் யூ87 செல் வேகமாகப் பெருகும், வளர்ப்பதும் எளிது. ஆனால் சுண்டெலி மூளையில் வைத்தால் விளிம்பு தெளிவான உருண்டையாக வளரும். மனிதக் கட்டியோ நரம்பிழைகளின் வழியே ஊடுருவிப் பரவும். அறுவைக்குப் பின் மிஞ்சுவதும், மருந்து கொல்ல வேண்டியதும் அந்தப் பரவிய செல்கள்தான். போதாக்குறைக்கு, பரவலாக விற்கப்படும் யூ87 மூலக் கட்டியோடு மரபணு அளவில் பொருந்தவில்லை என்று 2016இல் தெரியவந்தது. முதல்கட்ட வடிகட்டலைத் தாண்டி இதை நம்பக் கூடாது.

ஜிஎல்261 சுண்டெலியின் கட்டிச் செல், முழு நோயெதிர்ப்புள்ள சுண்டெலியில் வளர்வது. மற்ற இரண்டுக்கும் இல்லாத பலம் அது. சிக்கலும் அங்கேதான். வேதிப்பொருளால் உண்டாக்கிய கட்டி என்பதால் மரபணு மாற்றங்கள் ஏராளம். நோயெதிர்ப்புச் செல்கள் அதைச் சுலபமாக அடையாளம் காணும். நோயெதிர்ப்பின் தடையை விலக்கும் பிடி-1 தடுப்பான்கள் இதில் நன்றாகவே வேலை செய்தன. ஆனால் நோய் திரும்பிய மனிதர்களில் இடைநிலை ஆயுள் நிவோலுமாப் என்ற பிடி-1 தடுப்பானில் 9.8 மாதம், ஒப்பிட்ட பெவாசிசுமாப் மருந்தில் 10.0 மாதம், பலன் கூடவில்லை. மாற்றங்கள் குறைவான எஸ்பி28 என்ற சுண்டெலிக் கட்டியிலும் அதே மருந்தைச் சோதிக்காமல் மேலே போகாதீர்கள்.

நோயாளியின் கட்டித் திசுவிலிருந்து வளர்க்கும் சிறு உருண்டையான ஆர்கனாய்டுக்கே எங்கள் ஓட்டு. 2020இல் வெளியான முறையில் சீரமும் இல்லை, வெளியிலிருந்து சேர்க்கும் வளர்ச்சிக் காரணிகளும் இல்லை. அறுவையில் எடுத்த திசுவை 0.5 முதல் 1 மி.மீ. துண்டுகளாக நறுக்கி, சிவப்பணுக்களை நீக்கி, 37 டிகிரியில் நிமிடத்துக்கு 120 சுற்று ஷேக்கரில் வைக்க வேண்டும். ஒன்றிரண்டு வாரத்தில் துண்டுகள் உருண்டையாகும். அழுகிய நடுப்பகுதியிலிருந்தோ மின்சூட்டில் கருகிய இடத்திலிருந்தோ எடுத்தால் எதுவும் வளராது. துண்டு பெருத்தால் ஆக்சிஜன் எட்டாமல் உள்ளே செத்துவிடும், மறுபடி வெட்டுங்கள். எதிர்ப்புச் செல்கள் நாளாக நாளாகக் குறையும் என்பதால் அது சார்ந்த சோதனைகளைத் தொடக்கத்திலேயே முடிக்க வேண்டும். ரத்தத்திலிருந்து மருந்து மூளைக்குள் போவதைத் தடுக்கும் ரத்த-மூளைத் தடுப்பு இதில் கிடையாது. அதற்கு நோயாளியின் செல்லைச் சுண்டெலி மூளையில் வளர்ப்பதே வழி, மாதக்கணக்கில் ஆனாலும்.

எதில் சோதித்தாலும் அளவு தவறினால் வீண். மனித மூளையின் செல்லிடைத் திரவத்தில் டெமோசோலமைட் உச்சமாகவே சுமார் 3 மைக்ரோமோலார்தான். வளர்ப்புத் தட்டில் பல நூறு மைக்ரோமோலார் ஊற்றிச் செல் செத்தது என்று எழுதுவதில் பொருளில்லை. மருந்தை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்து அவ்வப்போது புதிதாகச் சேருங்கள், பிஎச் 7.4இல் அது இரண்டு மணி நேரத்துக்குள் பாதியாகச் சிதைந்துவிடும். டெமோசோலமைட் உண்டாக்கும் சேதத்தைச் சரிசெய்துவிடும் எம்ஜிஎம்டி நொதியின் நிலையை முதலிலேயே பாருங்கள்: யூ87இல் அந்த நொதி அடங்கியிருக்கும், டி98ஜி என்ற இன்னொரு செல்லில் செயல்படும். ஒன்றில் மட்டும் சோதித்தால் பாதி நோயாளிகளைக் கணக்கில் விட்டுவிடுவோம்.