ட்ரோன் பறக்கிறது, படம் மட்டும் வரவில்லை: சில வருடப் புழக்கத்தில் பார்த்தது

என்னிடம் இருப்பது மடக்கி இடுப்புப் பையில் போட்டுக்கொள்ளும் சின்ன கேமரா ட்ரோன். 250 கிராமுக்குள் எடை, மூன்று அச்சு கிம்பல் (கேமராவை ஆடாமல் பிடிக்கும் மோட்டார் தாங்கி), போனைச் சொருகிப் பார்க்கிற ரிமோட். எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். இந்த அளவில் வரும் மடக்கு ட்ரோன்களின் உள்ளமைப்பு பெரும்பாலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். நாகர்கோவில் சுற்றுவட்டாரத்துத் தோப்பு, குளம், வயல், முட்டம் கடற்கரை என்று நல்ல உழைப்பு வாங்கியாகிவிட்டது. மோட்டார், ஜிபிஎஸ், பேட்டரி எதிலும் பெரிய குறையில்லை. திரும்பத் திரும்பப் படுத்தியது நேரலைப் படம்தான். வேறுவேறு சமயங்களில் வேறுவேறு காரணத்துக்காகப் படம் போயிருக்கிறது. அதனால் இந்த அனுபவப் பகிர்வில் பாதிக்கு மேல் அந்தக் கதையே.

படம் போனதும் எல்லாரும் ஆன்டெனாவைத் திட்டுவார்கள், இல்லையென்றால் ஆப்பை அழித்துத் திரும்பப் போடுவார்கள். அதற்கு முன் திரையின் ஓரத்தில் இருக்கிற எண்களைப் பாருங்கள். உயரம், தூரம், பேட்டரி சதவீதம் எல்லாம் மாறிக்கொண்டே இருந்து படம் மட்டும் கறுப்பாக இருந்தால், ரேடியோ இணைப்பு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். கோளாறு கேமரா பக்கமோ போன் பக்கமோதான். எண்களும் சேர்ந்து உறைந்துவிட்டால் சிக்னலை, ஆன்டெனாவை, போனுக்குப் போகிற கேபிளைச் சந்தேகப்படலாம். படம் கட்டம் கட்டமாக உடைந்து, தயங்கித் தயங்கி வந்து, அப்புறம் போவதும் சிக்னல் வகைதான். கட்டுப்பாட்டுக்குத் தேவையான தகவல் மிகக் கொஞ்சம், வீடியோவுக்குத் தேவையானது மிக அதிகம். அதனால் சிக்னல் மெலியும்போது முதலில் அடிவாங்குவது படம். ஸ்டிக்கைத் தள்ளினால் ட்ரோன் அப்போதும் கேட்கும்.

கேமராவா போனா என்று பிரிக்க எஸ்டி கார்டு போதும். படம் கறுப்பாக இருக்கும்போதே ரெக்கார்டு பட்டனை அழுத்திவிட்டு, இறக்கிய பின் கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்ப்பேன். கார்டில் வீடியோ சுத்தமாக இருந்தால் கேமராவுக்கும் அதன் கேபிளுக்கும் ஒன்றுமில்லை. கார்டிலும் கறுப்பு, அல்லது ரெக்கார்டே ஆகவில்லை என்றால் ட்ரோனைத் திறக்கத்தான் வேண்டும். இதற்கு ஒரு பைசா செலவில்லை. ஆனால் சர்வீஸுக்குக் கொண்டுபோகிற பலர் இதைக்கூடப் பார்ப்பதில்லை.

போன் பக்கக் கோளாறு எனக்கு வந்தது கேபிளால். ரிமோட்டிலிருந்து போனுக்குப் போகிற குட்டிக் கேபிள் மடங்கி மடங்கி உள்ளே ஒரு இழை விட்டுப்போயிருந்தது. சார்ஜ் ஏறும், ஆப் திறக்கும், ஆனால் படம் வராது. வேறு கேபிள் போட்டதும் சரி. ஆண்ட்ராய்டில் யூஎஸ்பி அமைப்பு தானாக 'சார்ஜிங் மட்டும்' என்று மாறிக்கொள்வதும் உண்டு. மே மாத வெயிலில் போன் கொதித்துப்போய்த் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டாலும் வீடியோ திக்கும், திரையும் மங்கிவிடும். அன்று முதல் போனை நிழலில் பிடிக்கிறேன், வேறு எந்த ஆப்பும் பின்னால் ஓட விடுவதில்லை.

சிக்னல் கோளாறுக்கு எங்கள் ஊரில் முதல் காரணம் தென்னை. மழை பெய்து ஓய்ந்த தோப்புக்குள், மரங்களுக்குப் பின்னால் ட்ரோன் போனால் கொஞ்ச தூரத்திலேயே படம் உடையும். ஈர ஓலை ரேடியோ அலையை நன்றாக விழுங்கும். 2.4 ஜிகாஹெர்ட்ஸ், 5.8 ஜிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசையும் இருக்கிற ட்ரோனில், மரம் உள்ள இடத்துக்கு 2.4 தான். 5.8 தடைகளிடம் சீக்கிரம் தோற்கும். திறந்தவெளியில்கூட அதே தூரத்துக்கு ஏழெட்டு டெசிபல் கூடுதல் இழப்பு. கல்யாண மண்டப வாசலில் கதை தலைகீழ். ஆளுக்கொரு ஹாட்ஸ்பாட், மண்டப வைஃபை என்று 2.4 நெரிசலில் திணறும், அங்கே 5.8-க்கு மாற்றினால் படம் தெளியும். அலைவரிசையை 'ஆட்டோ' அமைப்பில் விட்டுவிடாமல் கையால் மாற்றத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. ஆன்டெனா பிடிப்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. பலர் டார்ச் லைட் அடிப்பதுபோல அதன் முனையை ட்ரோனை நோக்கி நீட்டுகிறார்கள். முனைத் திசையில்தான் சிக்னல் மிகக் குறைவு. பக்கவாட்டு முகம்தான் ட்ரோனைப் பார்க்க வேண்டும்.

இது எதுவும் இல்லாமல் பக்கத்திலேயே எண்களும் படமும் அறுந்தால், முன் கால்களைப் பாருங்கள். மடக்கு ட்ரோன்களில் ஆன்டெனா பெரும்பாலும் அந்தக் கால்களுக்குள் இருக்கும். அதன் மெல்லிய கம்பி, இறக்கையைத் தாங்கும் மடக்குக் கையின் மூட்டு வழியாக உள்ளே போர்டுக்குப் போகும். தினமும் விரித்து மடக்குவது அந்த மூட்டைத்தான். கடினமாகத் தரையிறங்கினாலும் போர்டின் மேல் சொருகியிருக்கும் பொத்தான் போன்ற இணைப்பு கழன்றுகொள்ளும். அதை நேராக அழுத்தினால் 'டிக்' என்று உட்காரும். ஆனால் சும்மா சும்மா கழற்றிப் பார்க்கிற சமாச்சாரம் அல்ல. இந்த வகை இணைப்புகளுக்குத் தயாரிப்பாளர்கள் சொல்லும் ஆயுளே 30 தடவை மாட்டிக் கழற்றுவதுதான்.

இனி பெரிய கோளாறு. ஒரு கட்டத்தில் இப்படி ஆரம்பித்தது: கேமரா நேராகப் பார்க்கும்போது படம் கச்சிதம். ரிமோட்டில் இருக்கும் சக்கரத்தைத் திருப்பிக் கேமராவைக் கீழே சாய்த்தால், பாதியில் இளஞ்சிவப்பும் பச்சையுமாகக் கோடுகள். இன்னும் சாய்த்தால் கறுப்பு. மேலே தூக்கினால் படம் திரும்பி வரும். ஓரத்து எண்கள் எப்போதும்போல ஓடின. கார்டில் பதிவானதிலும் அதே கோடுகள். கிம்பல் ஆட்டமில்லாமல் நின்றது, எந்த எச்சரிக்கையும் இல்லை. சென்னையில் ஒரு சர்வீஸ் சென்டருக்கு அனுப்பினேன். திறந்து பார்க்காமலேயே, கேமராவோடு சேர்த்துக் கிம்பல் முழுவதையும் மாற்ற வேண்டும் என்று போனில் சொன்னார்கள். சொன்ன தொகை ட்ரோன் விலையில் பாதியைத் தொட்டது. வேண்டாம் என்று திருப்பி வாங்கிக்கொண்டேன்.

காரணம், அறிகுறியே விடையைச் சொல்லிவிட்டது. கேமராவிலிருந்து போர்டுக்குப் படம் கொண்டுபோவது தலைமுடி அளவு கம்பிகள் அடங்கிய ஒரு கேபிள். கிம்பல் மோட்டார்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் பட்டைக் கேபிள் தனி. கிம்பல் உதறினால், மோட்டார் சுமை என்று எச்சரிக்கை வந்தால் பட்டைக் கேபிளையோ மோட்டாரையோ பார்க்க வேண்டும். கிம்பல் நன்றாக நின்று, சாய்வைப் பொறுத்துப் படம் மட்டும் வந்து போனால், சிக்னல் கேபிள் வளையும் இடத்தில் ஒரு கம்பி விட்டிருக்கிறது. முப்பந்தல் பக்கத்துக் காற்றில் பறப்பவர்களுக்குத் தெரியும், கிம்பல் அங்கே ஒரு நொடிகூடச் சும்மா இருக்காது. அத்தனை அசைவும் அந்த ஒரு வளைவில்தான்.

இன்னொன்று. 2022 பிப்ரவரி 9 முதல் வெளிநாட்டு ட்ரோன்களை முழுதாக இறக்குமதி செய்ய இந்தியாவில் தடை. உதிரி பாகங்களுக்குத் தடையில்லை. பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டு அதே ரகத்தில் புதிது வாங்குவது முன்போல எளிதல்ல, கேபிள் வாங்குவது எளிது. சில நூறு ரூபாய்க்கு வந்து சேர்ந்தது.

வேலைக்குத் தேவைப்பட்டவை: நல்ல முனையுள்ள சின்ன ஸ்க்ரூ டிரைவர்கள், ட்வீசர், பிளாஸ்டிக் நெம்பி, பூதக்கண்ணாடி. இறக்கைகளையும் பேட்டரியையும் கழற்றிவிட்டுத்தான் மற்றதெல்லாம். ஸ்க்ரூக்களை எடுத்த இடத்தின் படம் வரைந்த தாளில் ஒட்டி வைத்தேன். நீளம் வேறு வேறு. நீள ஸ்க்ரூ குட்டைத் துளையில் போனால் அடியில் இருக்கும் போர்டைக் குத்தும். கனெக்டர்களை நேர் மேலே தூக்க வேண்டும், இழுக்கக் கூடாது. பழைய கேபிளை எடுத்துக் கண்ணாடியில் பார்த்தபோது, சாய்வு மோட்டாரை ஒட்டிய வளைவில் மேலுறை வெடித்து, ஒரு கம்பி வெள்ளியாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கனெக்டர் ஓரத்தில் லேசாகப் பச்சை. கடற்கரை உப்புக்காற்றின் வேலை. ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டேன்.

கஷ்டம் கழற்றுவதில் இல்லை, புதுக் கேபிளைக் கிம்பலின் கைகள் வழியாகச் சுற்றிக் கொண்டுபோவதில்தான். இறுக்கமாக வைத்தால் கிம்பல் ஒவ்வொரு சாய்வுக்கும் கேபிளோடு மல்லுக்கட்டும். தளர்வாக வைத்தால் விளிம்பில் உரசி மறுபடி வெட்டுப்படும். மின்சாரம் இல்லாமலேயே கேமராவை விரலால் மேல், கீழ், இருபக்கம் என்று கடைசிவரை தள்ளிப் பார்த்தேன். எந்த மூலையில் விட்டாலும் அங்கேயே நின்றால் சரி. சுருள்கம்பி மாதிரித் துள்ளித் திரும்பினால் சுற்று தப்பு. எனக்கு மூலைச் சாய்வில் துள்ளல் இருந்தது. கேபிளைப் பிடித்திருந்த ஒட்டுநாடாவை எடுத்து, ஒரு மில்லிமீட்டர் தளர்த்தி ஒட்டியதும் அடங்கியது.

மூடிவிட்டு, இறக்கை மாட்டாமலேயே மேசையில் வைத்து ஆன் செய்து, சமதளத்தில் கிம்பல் காலிபரேஷன், அதாவது கிம்பலின் நேர்நிலையை ஆப் வழியாகச் சரிசெய்வது. பக்கத்தில் ஒரு டேபிள் ஃபேன் ஓட வேண்டும். பறக்கும்போது கிடைக்கிற காற்று மேசையில் கிடையாது. சிப் சூடேறி ட்ரோன் தானாக அணைந்தால் வேலை கெட்டுவிட்டது என்று பயந்துவிடுவீர்கள். கேமராவை அடிமுதல் முடிவரை சாய்த்தேன், ஒரு கோடு இல்லை. கேமராவை மாற்றாமல் கேபிளை மட்டும் மாற்றியதால் வேறு மென்பொருள் வேலையும் தேவைப்படவில்லை.

பறக்கும்போதே படம் போனால் என்ன செய்வது என்று கேட்பார்கள். ஸ்டிக்கைத் தொடாமல் விட்டால் ட்ரோன் நின்ற இடத்திலேயே மிதக்கும். எண்கள் ஓடினால் வீட்டுக்குத் திரும்பும் பட்டனை அழுத்தலாம். அந்தத் திரும்பும் உயரத்தைக் கிளம்பும் முன்பே அமைக்க வேண்டும். தென்னை 30 மீட்டர்கூட வளரும். நான் 50 வைத்திருக்கிறேன். முன் அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலத்தில் 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை பறக்கலாம் என்பதால் சிக்கலில்லை.

கேபிள் மாற்றிய பிறகு ஒரே குறை, தொடுவானம் அவ்வப்போது இம்மியளவு சாய்கிறது. காலிபரேஷன் செய்தால் சில வாரம் தாங்கும். செகண்ட் ஹேண்டில் இப்படி ஒன்று வாங்குகிறவர்கள், விற்பவர் பறக்கவிட்டுக் காட்டுவதோடு திருப்தியாகிவிட வேண்டாம். பத்து நிமிடம் ஓடிச் சூடான பிறகு, ரெக்கார்டை அழுத்திவிட்டு, கேமராவை மெதுவாக முழுச் சாய்வுக்கும் ஏற்றி இறக்கச் சொல்லுங்கள். கார்டை உங்கள் லேப்டாப்பில் போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் விலை பேசுங்கள்.