குளிரில் தோட்ட டிராக்டரைக் கிளப்ப: ஆயிலா, சூடேற்றியா, ஸ்ப்ரேயா?

வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கியதும் தோட்ட டிராக்டர் முரண்டு பிடிக்கத் தொடங்கிவிடும். சாவியைத் திருப்பினால் இன்ஜின் அரைச்சுற்று முக்கிவிட்டு நிற்கும். இன்ஜின் காற்றிழுக்கும் வழியில் ஈதர் (எளிதில் தீப்பற்றும் திரவம்) ஸ்ப்ரே அடி, பேட்டரியை மாற்று, இன்ஜினில் மின் சூடேற்றி ஒட்டு, ஆயிலை மாற்று என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். நான் ஆயிலை மாற்றியவன். இந்த அலசலும் அந்தப் பக்கமே சாயும்.

ஸ்ப்ரேயை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். பெட்ரோலைவிட வெகு குறைந்த வெப்பத்திலேயே ஈதர் தீப்பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதை அடிக்கடி அடித்தால் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயில் படலம் கழுவப்பட்டுவிடும். குளோ பிளக் (கிளப்புமுன் சிலிண்டருக்குள் சூடேற்றும் மின்கம்பி) உள்ள டீசல் இன்ஜினில் அதைக் கிட்டவே கொண்டுபோகக் கூடாது. அதோடு, மெதுவாகச் சுற்றும் இன்ஜினை அது வேகமாகச் சுற்ற வைக்கப்போவதில்லை.

உண்மையான சிக்கல் இந்தச் சுற்று வேகத்தில்தான் இருக்கிறது. சிறிய பெட்ரோல் இன்ஜின்கள் பெரும்பாலானவற்றில் ஸ்பார்க் பிளக்குக்கான மின்சாரம் பேட்டரியிலிருந்து வருவதில்லை. ஃப்ளைவீல் என்ற கனமான சுழல் சக்கரத்தில் பதித்த காந்தம் சுருளைக் கடக்கும்போதுதான் பொறி பிறக்கிறது. நிமிடத்துக்குச் சில நூறு சுற்றுகளாவது இல்லாவிட்டால் பொறி பலவீனமாகும், அல்லது வரவே வராது. கார்புரேட்டர் வழியாக உறிஞ்சப்படும் பெட்ரோலும் குறையும். ஆக, ஸ்டார்ட்டர் திணறும்போது தீயும் போய்விடுகிறது, எரிபொருளும் போய்விடுகிறது.

வேகத்தைக் கூட்ட இரண்டு வழிகள்: தள்ளும் சக்தியை ஏற்றலாம், அல்லது தடையைக் குறைக்கலாம். முதல் வழி பேட்டரி. ஈய அமில பேட்டரி மைனஸ் 18 டிகிரியில் தன் திறனில் ஏறக்குறைய பாதியை இழந்துவிடும். பெரிய பேட்டரி வாங்கினாலும் அந்தப் பாதி போகத்தான் போகிறது. சார்ஜ் தீர்ந்த பேட்டரியோ பூஜ்ஜியத்துக்குச் சில டிகிரி கீழேயே உறைந்து வெடிப்பு விடக்கூடும். ஆகவே குளிர்காலம் முழுக்க அதைப் பராமரிப்பு சார்ஜரில் வைத்திருப்பது நல்லது. எந்த வழியைத் தேர்ந்தாலும் இது வேண்டும் என்பதால் போட்டியில் சேர்க்கவில்லை.

இரண்டாவது வழி ஆயில். கோடையில் ஊற்றிய எஸ்ஏஇ 30 ரக ஆயில் இருந்தால், குளிர்ந்த காலையில் டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் கம்பியை) உருவிச் சாய்த்துப் பாருங்கள். வெல்லப்பாகு போல நுனியில் திரண்டு, விழலாமா வேண்டாமா என்று தொங்கும். அந்தக் கெட்டியான ஆயிலைக் கலக்கிக்கொண்டுதான் ஸ்டார்ட்டர் கிராங்க்கை (பிஸ்டனோடு இணைந்த சுழல் தண்டை) சுற்ற வேண்டும். சுமார் 4 டிகிரிக்குக் கீழே இந்த ஆயிலில் கிளப்புவது கடினம் என்று இன்ஜின் தயாரிப்பாளர்களின் அட்டவணைகளே எச்சரிக்கின்றன. குளிரிலும் இளகி ஓடும் 5டபிள்யூ-30 ரக சிந்தெடிக் ஆயில் அதே குளிரில் டிப்ஸ்டிக்கிலிருந்து சட்டென்று வழிந்துவிடும். இன்ஜின் சூடானபின் இரண்டின் கெட்டித்தன்மையும் ஒரே தரத்துக்குள்தான் இருக்கும். அதனால் பாதுகாப்பு குறைந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். மாற்றியபின் என் டிராக்டரின் ஸ்டார்ட்டர் சத்தமே வேறு: முனகல் போய் விறுவிறுவென்று சுற்றியது.

எனக்குத் தீர்ப்பு சொன்னது பராமரிப்பு. குளிருக்கு முன் எப்படியும் மாற்ற வேண்டிய ஆயில்தான். வேறு டப்பா, அவ்வளவே. அதன்பின் செய்ய எதுவும் இல்லை. சூடேற்றி அப்படியல்ல. காற்றால் குளிரும் இன்ஜினில் தண்ணீர் சுற்று கிடையாது. எனவே அடிப்பகுதியில் ஒட்டும் பட்டையோ காந்தத்தால் பிடிக்கும் வகையோதான் கிடைக்கும். பட்டை ஒட்ட உலோகத்தைப் பளிச்சென்று துடைக்க வேண்டும், வயரை எலி கடிக்காமல் பார்க்க வேண்டும், கொட்டகையில் மின்சாரம் வேண்டும், கிளப்புவதற்கு வெகுநேரம் முன்பே நினைவாகச் செருக வேண்டும். கடைசி நிபந்தனையில்தான் பலர் தோற்பார்கள்.

ஆனால் மைனஸ் இருபதுக்கும் கீழே தினமும் பனி அள்ளுபவருக்கு நான் சூடேற்றியையே சொல்வேன். ஆயிலோடு இன்ஜினும் சூடாவதால் பெட்ரோல் நன்றாக ஆவியாகும். அந்தக் கடுங்குளிரில் நான் வண்டி ஓட்டியதில்லை. மைனஸ் பத்தை ஒட்டிய காலைகளோடு என் அனுபவம் முடிகிறது.

ஆயில் தீர்க்காத தடைகளும் உண்டு. ஹைட்ரோஸ்டாட்டிக் கியர் (திரவ அழுத்தத்தால் சக்கரத்தை ஓட்டும் அமைப்பு) உள்ள வண்டியில் அதன் திரவமும் கெட்டியாகி இழுக்கும். பெடலை மிதித்தால் பெல்ட் தளரும் அமைப்பாக இருந்தால் மிதித்தபடியே கிளப்புங்கள். பேட்டரியும் ஆயிலும் சரியாக இருந்தும் இன்ஜின் ஒவ்வொரு முறையும் அழுத்தச் சுற்றில் முட்டி நின்றால், வால்வு இடைவெளியை (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே உள்ள சந்தை) பாருங்கள். அது அதிகமானால், கிளப்பும்போது அழுத்தத்தைக் கொஞ்சம் கசியவிடும் ஏற்பாடு வேலை செய்யாது.

எதைச் செய்தாலும் சோக்கை முழுதாக இழுத்து, சாவியை ஐந்து விநாடிக்கு மேல் பிடிக்காமல், அடுத்த முயற்சிக்கு முன் ஸ்டார்ட்டருக்கு ஒரு நிமிடம் ஓய்வு கொடுங்கள்.