கையெழுத்துப் போட்டவரா, கம்பியைத் தொடுபவரா? ஃபுளோரிடா, டெக்சஸ் மின்சார லைசென்ஸ் விதிகள் ஓர் ஒப்பீடு

என் மச்சினன் ஒர்லாண்டோ பக்கம் வீடு வாங்கிய அதே சமயத்தில் நான் டாலஸுக்கு வடக்கே ஒரு வீட்டில் குடியேறினேன். இரண்டு வீட்டிலும் வேலை ஒன்றுதான். கராஜில் மின்சாரக் காருக்கு சார்ஜர், கதவு ஜன்னல்களுக்குத் திருட்டு அலாரம், அந்த அலாரப் பேனலோடு இணைத்த புகை டிடெக்டர்கள். அவன் வீட்டுக்கு ஒரே கம்பெனி வந்து எல்லாவற்றையும் முடித்துவிட்டுப் போனது. எனக்கு மூன்று கம்பெனி, மூன்று ரசீது, மூன்றிலும் வேறு வேறு அரசு அலுவலகம் கொடுத்த எண்கள். "என்ன மாமா, ஒரு வீட்டுக்கு மூணு ஆபீஸா?" என்று சிரித்தான்.

அவன் சிரித்தபோது எனக்கும் அது வெட்டி அலைச்சலாகத்தான் தெரிந்தது. அப்புறம் இரண்டு மாநிலச் சட்டங்களையும் உட்கார்ந்து படித்ததில் அவ்வளவு சுலபமாகத் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எலெக்ட்ரீஷியனுக்கு அமெரிக்கா முழுவதற்குமான லைசென்ஸ் என்று எதுவும் கிடையாது. வயரிங் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் தேசிய மின்சார விதித் தொகுப்பை அநேகமாக எல்லா இடத்திலும் பின்பற்றுகிறார்கள். யார் வேலை செய்யலாம் என்பது மட்டும் மாநிலத்தின் பாடு.

ஃபுளோரிடாவில் மாநிலச் சட்டம் 489, இரண்டாம் பகுதி. மின்சார கான்ட்ராக்டர், அலாரம் கான்ட்ராக்டர் இரண்டு பேருமே அதற்குள் வந்துவிடுகிறார்கள். இருவருக்கும் ஒரே வாரியம்: மின்சார கான்ட்ராக்டர் உரிம வாரியம். எண்ணின் முன்னெழுத்தைப் பார்த்தாலே ஆள் யார் என்று தெரிந்துவிடும். இ.சி. என்றால் முழு மின்சார கான்ட்ராக்டர். அலார வேலையும் அவருக்குள் அடக்கம். இ.எஃப். என்றால் தீ அலாரம் உட்பட எல்லா அலாரமும் போடலாம். இ.ஜி. என்றால் தீ அலாரத்தைத் தவிர மற்றவை. மச்சினன் வீட்டுக்கு வந்தது இ.சி. கம்பெனி. அதனால்தான் ஒரே வண்டியில் வேலை முடிந்தது.

டெக்சஸில் இதே வேலை மூன்றாகப் பிரிந்து கிடக்கிறது. மின்சாரம் என்றால் டிடிஎல்ஆர் என்று எல்லோரும் சொல்லும் உரிமம் மற்றும் ஒழுங்குமுறைத் துறை. திருட்டு அலாரம் என்றால் டிபிஎஸ், அதாவது பொதுப் பாதுகாப்புத் துறை. காவலாளி, தனியார் துப்பறிவாளர் எல்லோரையும் கண்காணிக்கும் அதே பிரிவு. தீ அலாரம் என்றால் காப்பீட்டுத் துறையின் கீழே இருக்கும் மாநிலத் தீயணைப்பு மார்ஷல் அலுவலகம். அலாரம் கம்பெனி வண்டிகளிலும் விளம்பரங்களிலும் கவனித்துப் பாருங்கள். 'பி' என்று தொடங்கும் எண் டிபிஎஸ் கொடுத்தது, 'ஏசிஆர்' என்று தொடங்குவது தீயணைப்பு மார்ஷல் கொடுத்தது. இரண்டும் வைத்திருக்கும் கம்பெனிகள் நிறைய உண்டு. எனக்கு முதலில் வாய்த்த கம்பெனியிடம் 'பி' மட்டும்தான் இருந்தது. விற்க வந்த பையனிடம், "ஏசிஆர் எண் எங்கே?" என்று கேட்டேன். கையில் இருந்த தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்படியானால் புகை டிடெக்டரை மட்டும் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்" என்றான். எடுத்துவிட்டோம். மூன்றாவது ரசீது வந்த கதை அதுதான்.

இதுவரை பார்த்தால் ஃபுளோரிடாதான் புத்திசாலி மாநிலம். ஆனால் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் கதை மாறுகிறது. உங்கள் கராஜில் மின்சாரப் பேனல் மூடியைக் கழற்றி உள்ளே கை வைக்கப்போகும் அந்த மனிதரிடம் என்ன லைசென்ஸ் இருக்கிறது?

ஃபுளோரிடா மாநிலம் மின்சார வேலையில் கான்ட்ராக்டருக்குத்தான் லைசென்ஸ் கொடுக்கிறது. அவருக்குக் கீழே வேலை செய்யும் ஜர்னிமேன், அதாவது தொழில் பழகி முடித்த எலெக்ட்ரீஷியன், மாநிலத்தின் கணக்கில் வருவதில்லை. கவுன்டியோ நகரமோ கொடுப்பதுதான் அவருக்கு. ஒப்பந்தத்தில் யாருடைய பெயர் இருக்கிறது, தவறு நடந்தால் யாரைப் பிடிப்பது என்பதுதான் அந்தச் சட்டத்தின் கவலை. டெக்சஸ் நேர்மாறு. கம்பியைத் தொடும் ஒவ்வொருவருடைய பெயரும் தலைநகர் ஆஸ்டினில் பதிவில் இருந்தாக வேண்டும். தொழில் பழக வரும் பதினாறு வயது அப்ரெண்டிஸ்கூட டிடிஎல்ஆரில் பதிந்துகொண்டுதான் வேலைக்கு வர முடியும். மாஸ்டர் எனும் மேல்நிலை எலெக்ட்ரீஷியன் ஒருவரின் மேற்பார்வையில் 8,000 மணி நேரம் வேலை பார்த்துத் தேர்வும் எழுதினால் ஜர்னிமேன். 12,000 மணி நேரமும், ஜர்னிமேனாக இரண்டு ஆண்டும் கழிந்தால் மாஸ்டர் தேர்வுக்கு உட்காரலாம். கான்ட்ராக்டர் கம்பெனிக்குத் தனி லைசென்ஸ். அதற்கு ஒரு மாஸ்டர் வேலையில் இருக்க வேண்டும், ஒரு சம்பவத்துக்கு 3 லட்சம் டாலர், மொத்தம் 6 லட்சம் டாலர் என்று காப்பீடும் வேண்டும். இத்தனைக்கும் மாநிலம் முழுவதற்கும் பொதுவான இந்த ஏற்பாடு அங்கே 2004 செப்டம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு ஊருக்கு ஊர் தனி லைசென்ஸ்.

இந்த மணிக்கணக்கு எல்லாம் எதற்கு என்று எனக்கும் தோன்றியதுண்டு, என் கராஜில் நடந்ததைப் பார்க்கும்வரை. சார்ஜருக்கு முதலில் விலை சொல்ல வந்தவர் தெருக்காரர் ஒருவர் சிபாரிசு செய்த ஆள். நல்ல மனிதர், பேச்சும் இதமாக இருந்தது. மற்றவர்கள் சொன்னதில் பாதி விலை. 60 ஆம்ப் பிரேக்கர், ஆறாம் எண் கறுப்பு உறை கேபிள், கூரைக்குக் கீழுள்ள அட்டிக் வழியாக இழுத்து மதியத்துக்குள் முடித்துவிடலாம் என்றார். லைசென்ஸ் எண் கேட்டேன். யோசிக்காமல் சொன்னார். இரவில் டிடிஎல்ஆர் இணையதளத்தில் அந்த எண்ணைத் தட்டிப் பார்த்தால் வேறு ஊரில் இருக்கும் வேறொரு கம்பெனியின் பெயர் வந்தது.

அடுத்து வந்த ஜர்னிமேன் பேனலைத் திறப்பதற்கு முன்பே சார்ஜர் பெட்டியைக் கையில் எடுத்து, பக்கவாட்டில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். 48 ஆம்ப். மணிக்கணக்கில் ஓடும் சுமை என்பதால் ஒன்றேகால் மடங்கு வைக்க வேண்டும், அது 60. பிரேக்கர் 60 என்பது சரி. ஆனால் அந்தக் கறுப்பு உறை கேபிளின் திறனை விதித் தொகுப்பின் அட்டவணையில் 60 டிகிரிக்கான கட்டத்தில்தான் படிக்க வேண்டுமாம். அங்கே ஆறாம் எண் செம்புக் கம்பிக்கு 55 ஆம்ப்தான் போட்டிருக்கிறது. "அஞ்சு ஆம்ப்தானே?" என்றேன். தினமும் ராத்திரி ஆறு மணி நேரம், அட்டிக் சூட்டில், பத்து வருஷம் என்று அவர் விரல் விட்டு எண்ணினார். பிறகு கான்ட்யூட் குழாய் போட்டு அதற்குள் தனித்தனிக் கம்பியாக இழுத்தார். முதலில் வந்தவருக்கு வயரிங் தெரியாது என்று சொல்ல மாட்டேன். எந்தக் கட்டத்தைப் படிக்க வேண்டும் என்பதுதான் தெரியவில்லை. 8,000 மணி நேரத்தில் கற்றுக்கொள்வது அந்த மாதிரிச் சங்கதிகளைத்தான்.

அதனால் மின்சார வேலையில் என் ஓட்டு டெக்சஸுக்கு. கான்ட்ராக்டர் எவ்வளவு பெரிய தேர்வில் பாஸ் செய்தவராக இருந்தாலும் அட்டிக்கில் தவழப்போவது அவர் அல்ல.

அலாரத்துக்கு வந்தால் ஓட்டு மாறும். அலாரத்தில் மட்டும் ஃபுளோரிடா கீழே இருக்கும் ஆளையும் விட்டுவைப்பதில்லை. வீட்டுக்கு வந்து விற்பவர், பொருத்துபவர், பழுது பார்ப்பவர் எல்லோரும் 'அலாரம் ஏஜென்ட்'. கைரேகைச் சோதனை உண்டு. திருட்டு அலாரத்துக்கு 14 மணி நேரப் பயிற்சி, தீ அலாரத்துக்கு 18 மணி நேரம். அடையாள அட்டையைக் கூடவே வைத்திருக்க வேண்டும். மச்சினன் கேட்டுப் பார்த்திருக்கிறான், வந்தவர் சட்டைப் பையிலிருந்து உடனே எடுத்துக் காட்டினாராம். பெர்மிட் விஷயமும் இலகு. குறைந்த மின்னழுத்த அலாரத்துக்கு கவுன்டி ஆபீஸில் போய் நிற்க வேண்டாம். கான்ட்ராக்டர் பெர்மிட் லேபிள்களை மொத்தமாக வாங்கி வைத்திருப்பார். ஒன்றுக்கு 40 டாலருக்கு மேல் வசூலிக்கக்கூடாது என்று சட்டமே சொல்கிறது. வேலை ஆரம்பிக்குமுன் லேபிளை ஒட்டிவிட்டு, முடிந்ததும் 14 நாளுக்குள் தகவல் கொடுத்தால் போதும். அலாரம் அடித்தால் கண்காணிப்பு மையம் நேராகப் போலீஸைக் கூப்பிடக்கூடாது, முதலில் வீட்டு எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும், யாரும் எடுக்காவிட்டால் வேறு வழியிலும் உறுதி செய்துகொள்ள வேண்டும் என்பதும் அதே 489-இல் இருக்கிறது. பூனை சோபாவிலிருந்து குதித்ததற்காகப் போலீஸ் வண்டி வந்து நின்ற அனுபவம் உள்ளவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

டெக்சஸ் அலாரத்தைப் பார்க்கும் பார்வையே வேறு. அங்கே அது மின்சார வேலையே அல்ல, காவல் வேலை. வீட்டிலோ கடையிலோ படம் பதிவு செய்யும் கேமரா வைத்துக் கொடுப்பதுகூட அலாரம் கம்பெனி வேலை என்றுதான் சட்டம் சொல்கிறது. வார இறுதியில் கேமரா மாட்டிக் கொடுத்து நாலு காசு பார்க்கலாம் என்று நினைக்கும் ஐடி நண்பர்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்கவும். தண்டனையைப் பார்த்தால் இந்தப் பார்வை இன்னும் தெளிவாகத் தெரியும். டெக்சஸில் லைசென்ஸ் இல்லாமல் மின்சார வேலை செய்தால் 'கிளாஸ் சி' குற்றம், அதிகபட்சம் 500 டாலர் அபராதம்; டிராஃபிக் சீட்டு மாதிரி. டிடிஎல்ஆர் தன் பங்குக்கு ஒரு மீறலுக்கு நாள் ஒன்றுக்கு 5,000 டாலர் வரை போடலாம், அது தனி. லைசென்ஸ் இல்லாமல் அலாரம் கம்பெனி நடத்தினாலோ 'கிளாஸ் ஏ', ஓர் ஆண்டு வரை ஜெயில். வீடு எரிவதைவிடத் திருடன் உள்ளே வருவதுதான் டெக்சஸை அதிகம் பயமுறுத்துகிறது போலும்.

ஃபுளோரிடா இந்தப் பாகுபாடு பார்ப்பதில்லை. மின்சாரமோ அலாரமோ, லைசென்ஸ் இல்லாமல் செய்தால் முதல் தடவை மிஸ்டிமீனர் என்னும் சிறு குற்றம், இரண்டாம் தடவை ஃபெலனி என்னும் பெருங்குற்றம். கவர்னர் அவசரநிலை அறிவித்திருக்கும்போது செய்தால் முதல் தடவையே ஃபெலனி. புயல் அடித்த மறுநாள் வெளியூர் வண்டிகள் படையெடுத்து வரும் மாநிலம், அனுபவத்தில் எழுதிய விதி. லைசென்ஸ் இல்லாதவர் போட்ட ஒப்பந்தத்தை வைத்து அவர் கோர்ட்டுக்குப் போய்ப் பணம் கேட்கவும் முடியாது.

மற்ற மாநிலங்களில் இருப்பவர்கள் கோபித்துக்கொள்ளக்கூடாது என்பதற்காக இரண்டு வார்த்தை. நியூயார்க்கில் எல்லாமே தலைகீழ். அலாரம் பொருத்துபவருக்கு மாநில லைசென்ஸ் உண்டு, எலெக்ட்ரீஷியனுக்குக் கிடையாது. அது நியூயார்க் நகரம் போன்ற உள்ளூர் நிர்வாகங்களின் வேலை. கலிஃபோர்னியா இரண்டு பக்கமும் பிடித்து வைத்திருக்கிறது. மின்சார கான்ட்ராக்டருக்கு சி-10 லைசென்ஸ், அவரிடம் வேலை செய்யும் எலெக்ட்ரீஷியனுக்கு மாநிலச் சான்றிதழ், திருட்டு அலாரம் கம்பெனிக்குத் தனி அலுவலகம். 91 வோல்ட்டுக்கு மேற்படாத வேலைக்கு சி-7 என்று ஒன்று உண்டு, ஆனால் அதை வைத்துத் தீ அலாரம் போட முடியாது. அங்கே எனக்குப் பிடித்தது அட்வான்ஸ் விதி. வீட்டுச் சீரமைப்பு வேலைக்கு 1,000 டாலர் அல்லது மொத்தத்தில் பத்து சதவீதம், இதில் எது குறைவோ அதற்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது. ஃபுளோரிடாவும் டெக்சஸும் இதையாவது கடன் வாங்கலாம்.

லைசென்ஸ் சரிபார்ப்பதில் இரண்டு மாநிலமும் ஏறக்குறைய சமம், பெயரைத் தட்டினால் அரை நிமிடத்தில் வந்துவிடும். டெக்சஸில் மின்சார லைசென்ஸை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்பதால் காலாவதித் தேதியைக் கட்டாயம் பாருங்கள். ஃபுளோரிடாவில் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, இரட்டைப்படை ஆண்டின் ஆகஸ்ட் 31. டெக்சஸில் கான்ட்ராக்டர் எண் வண்டியின் இரு பக்கமும் இருக்க வேண்டும், ரசீதிலும் டிடிஎல்ஆர் விவரம் இருக்க வேண்டும். வண்டி வெறுமையாக வந்தால் கதவைத் திறக்குமுன் யோசிக்கலாம். மூன்று அலுவலகம் என்பதால் தேடுவதும் மூன்று இடத்தில், அது ஒன்றுதான் எரிச்சல்.

இத்தனையும் படித்ததில் மச்சினனுக்கு ஒரு புது ஆசை வந்துவிட்டது. அவன் எலெக்ட்ரிகல் இன்ஜினியர், பி.இ. (புரொஃபஷனல் இன்ஜினியர்) லைசென்ஸும் வைத்திருக்கிறான். ஃபுளோரிடாவில் கான்ட்ராக்டர் தேர்வு எழுதப் பல வழிகள் உண்டு: கடந்த 6 ஆண்டில் 3 ஆண்டு நிர்வாகப் பொறுப்பு, அல்லது 8 ஆண்டில் 4 ஆண்டு மேற்பார்வையாளர், அல்லது கடந்த 12 ஆண்டில் 3 ஆண்டு பி.இ. லைசென்ஸ். மூன்றாவது அவனுக்கு அப்படியே பொருந்துகிறது. அதாவது ஒரு நாள்கூட அட்டிக்கில் தவழாத ஒருவன் தேர்வில் பாஸ் செய்து, காப்பீடும் நிதிநிலையும் காட்டிவிட்டால், மின்சார கான்ட்ராக்டர் ஆகிவிடலாம். நான் மேலே சொன்ன குறை அதுதான் என்று அவனிடமே சொன்னேன். "பொறாமை மாமா உங்களுக்கு" என்றான்.

இருக்கலாம். டெக்சஸில் எனக்கு என்ன வழி என்று பார்த்தேன். 8,000 மணி நேரம். வாரம் நாற்பது மணி என்று வைத்துக்கொண்டாலும் நான்கு ஆண்டு. எனக்கு இப்போதே நாற்பத்தாறு. இரவு படுக்கப்போகும் நேரத்தில் அவனிடமிருந்து ஒரு செய்தி வந்தது: டிடிஎல்ஆர் அப்ரெண்டிஸ் பதிவுக்குக் கட்டணம் 20 டாலர்தானாம், பதினாறு நிரம்பியவர் யாரும் சேரலாமாம்.